ஒப்பாரிக்கு அப்பால்: ஜனாஸா எரிப்பும் நமது நெருக்கடிக் கால எழுத்தும்

1

சென்ற நோன்பு காலத்தில் இளங்கவிஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு தட்டச்சுப் பிரதி. கொவிட் காலத்தில் முஸ்லிம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகளைத் தேடித் தொகுத்திருந்தார். அறுபதுக்கும் மேற்பட்டவை. "சேர், ஒரு முன்னுரை எழுதித் தரணும்" என்றார். தராவீஹ் முடிந்து வீடு திரும்பிய இரவுகளில் நான்கைந்து நாட்களாக அவற்றை வாசித்தேன்.

வாசித்து முடித்தபோது எனக்கு ஏற்பட்டது சலிப்பு. இப்படிச் சொல்வது பலரைப் புண்படுத்தும் என்பதை அறிவேன். இவ்வளவு பெரிய அநீதியைப் பற்றிய கவிதைகளை வாசித்து ஒருவருக்குச் சலிப்பு வருமா என்று நானே வெட்கப்பட்டேன். அந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஏறக்குறைய எல்லாக் கவிதைகளிலும் நெருப்பு இருந்தது. சாம்பல் இருந்தது. ஆறடி மண் கேட்டு மன்றாடும் மையித்து இருந்தது. மஹ்ஷரில் வழக்குரைக்கும் குழந்தை இருந்தது. தாய் இருந்தாள், எல்லாத் தாய்மாரும் ஒரே மாதிரி அழுதார்கள். ஆனால் எந்தக் கவிதையிலும் எவரும் எதையும் செய்யவில்லை. எவரும் மனு எழுதவில்லை, வழக்குப் போடவில்லை, கையெழுத்திட மறுக்கவில்லை, ஒரு துணியைக் கிழித்து வேலியில் கட்டவில்லை. நூறு வருடங்களுக்குப் பின்னர் இத்தொகுப்பைக் கையில் எடுக்கும் ஒருவர், 2020இல் இலங்கை முஸ்லிம்கள் அழுதுகொண்டு மாத்திரமே இருந்தார்கள் என்ற முடிவுக்குத்தான் வருவார். அது உண்மையல்ல.

என்னளவில் இது ஒரு தொகுப்பின் குறைபாடு மட்டுமல்ல. கடந்த முப்பத்தைந்து வருட கால நமது நெருக்கடி இலக்கியம் பாதிக்கப்பட்டவரை எழுதியது, செயற்பட்டவரை எழுதவில்லை. அதனால் ஒவ்வொரு நெருக்கடியின்போதும் முன் அனுபவமே இல்லாத ஒரு சமூகம் போல நாம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

நடந்தவற்றை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் கொவிட் தொற்றினால் மரணித்த முஸ்லிம் ஒருவரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்த நேரம் அது. இதற்கெதிராக முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சிவில் சமூகத்தினரும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர். 2020 டிசம்பர் 1ஆம் திகதி, விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாமலே அவை தள்ளுபடி செய்யப்பட்டன. ஒன்பதாம் திகதி, பிறந்து 20 நாட்களான ஒரு குழந்தை பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது.

அதன் பின்னர்தான் பொரளை கனத்தையின் வேலியில் வெள்ளைத் துணிகள் தோன்றின. யாரோ ஒருவர் கட்டினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள். கட்டப்பட்ட துணிகள் அகற்றப்பட்டன. பிறகு வீட்டுக் கதவுகளிலும், கைகளிலும், கடல் கடந்து வாழும் நம்மவர்களின் நகரங்களிலும் அதே துணி கட்டப்பட்டது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்கள் நடந்த பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் நம்மவர்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாதம் 25ஆம் திகதி வந்த வர்த்தமானி அடக்கத்துக்கு அனுமதி தந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி சூடுபத்தினசேனை, மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ஒரு வருடத்தில் 3,600க்கும் அதிகமான உடல்களை அந்த மண் ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பிற சமயத்தவரின் உடல்களும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியபோது, எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 276 எனச் செய்திகள் கூறின.

இதில் எத்தனை மனிதர்கள் எத்தனை காரியங்களைச் செய்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தரணிகள், மருத்துவர்கள், எரிப்புக்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்று அறிக்கை எழுதியவர்கள், தங்கள் ஊரின் நிலத்தைக் கொடுத்தவர்கள், அந்நியரின் மையித்துக்களைப் பாதுகாப்பு உடை அணிந்து கபுறில் இறக்கிய இளைஞர்கள். இவர்களில் ஒருவர்கூட அந்த அறுபது கவிதைகளுக்குள் நுழையவில்லை.

3

ஒரு ஜனாஸாவுக்கு உயிருடன் இருப்பவர்கள் செய்ய வேண்டிய கடமைகள் நான்கு: குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுவித்தல், அடக்குதல். இவை பர்ளு கிபாயா. ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர்களின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும். இறந்தவர் மீதான கடமையை நமது மார்க்கம் செயலாகவே வைத்திருக்கிறது. மையித்தின் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பதை நமது மூத்தவர்கள் அனுமதிப்பதில்லை. கண்ணீர் வரலாம், குரலெடுத்துப் புலம்பக் கூடாது என்பார்கள். வீட்டுக்குள் தடுக்கப்பட்ட அந்தப் புலம்பல்தான் நமது நவீன கவிதைக்குள் வந்து குடியேறிக்கொண்டதோ என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தடுக்கப்பட்டது எங்காவது ஒரு வழியால் வெளியே வரத்தான் செய்யும்.

எரிப்புக் காலத்தில் மறுக்கப்பட்டது நான்காவது கடமை மட்டுமல்ல. குளிப்பாட்டவும் கபனிடவும் முடியவில்லை. நமது கவிதைகள் தீயை மட்டுமே கண்டன. ஆனால் சாதாரண மக்கள் இரண்டாவது கடமையைக் கண்டுகொண்டார்கள். மையித்தின் மேல் இட முடியாமற்போன கபன் துணியைக் கொண்டுவந்து மயானத்தின் வேலியில் கட்டினார்கள். அதில் கோஷம் இல்லை, பெயர் இல்லை, கட்சி இல்லை. பார்த்தவருக்கு விளக்கம் சொல்லவும் தேவையில்லை. ஒரு முஸ்லிமுக்கு அது கபன். ஒரு பௌத்தருக்கு வெள்ளை துக்கத்தின் நிறம். ஒரு தமிழருக்கும் அப்படித்தான். இத்தனை பேரையும் ஒரே வேலியின் முன் கொண்டுவந்து நிறுத்திய படிமத்தை அக்காலத்தில் எழுதப்பட்ட எந்தக் கவிதையிலும் நான் காணவில்லை.

இன்னொன்றும் நடந்தது. மரணித்தவரின் உடலைப் பொறுப்பேற்கக் குடும்பங்கள் மறுத்தன. எரிப்பதற்குச் சம்மதம் என்று கையெழுத்திடமாட்டோம், பெட்டிக்குப் பணம் கட்டமாட்டோம் என்றன. உரிமை கோரப்படாத உடல்களை எரிக்கலாம் என்று அரச தரப்பு சட்ட ஆலோசனை பெற்று எரித்தது. இந்த மறுப்பின் கனத்தை நாம் உணர்ந்திருக்கிறோமா? தன் வாப்பாவை, தன் கணவனை 'இது என்னுடையதல்ல' என்று அதிகாரத்தின் பதிவேட்டில் விட்டுவிட்டு வருவது. அன்பின் காரணமாகவே அன்புக்குரியவரைக் கைவிடுவது போலத் தோன்றும் ஒரு காரியத்தைச் செய்வது. ஒரு சிறுகதைக்காரர் தன் வாழ்நாளில் எதிர்பார்த்திருக்கக்கூடிய கரு இது. அந்தத் தொகுப்புக்காரர் எனக்குக் கொண்டுவந்தவற்றில் இது இல்லை. நமது சஞ்சிகைகளிலும் நான் இதைக் காணவில்லை.

4

இந்தப் பழக்கம் நமக்கு 2020இல் வந்ததல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியா கல்லூரியில் கூடச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு கட்டளையிட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அதற்குச் சற்று முன்னர், ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அந்த வருடங்கள்தான் நமது நவீன கவிதையை முதிர வைத்தன என்பதில் ஐயமில்லை. சோலைக்கிளியின் படிமங்கள் அந்தக் காலத்தின் பீதியிலிருந்து வந்தவை. முல்லை முஸ்ரிபா தன் பெயரிலேயே இழந்த ஊரைச் சுமந்துகொண்டு எழுதினார். பின்னர் அனார், ஒரு பெண்ணுடலின் அன்றாடத்துக்குள் யுத்தத்தின் இரத்தத்தைக் கொண்டுவந்தார். 2000களின் தொடக்கத்தில் ஏ.பி.எம். இத்ரீஸ் தொகுத்த 'மீஸான் கட்டைகளின் மீள எழும் பாடல்கள்' என்ற கவிதைத் தொகுப்பு, முஸ்லிம்களுக்கும் இந்த யுத்தத்தில் ஒரு கதை இருக்கிறது என்று தமிழ் இலக்கிய உலகுக்கு உரத்துச் சொல்லியது. அன்று அது அவசியமான குரல். நமது மரணங்கள் தமிழ்க் கவிதையின் கணக்கில் சேர்க்கப்படாதிருந்த காலம் அது. அழுவதே அன்று ஓர் அரசியல் செயலாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தலைப்பை இன்று வாசிக்கும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது: 2020இல் எரிக்கப்பட்டவர்களுக்கு ஒரு மீஸான் கட்டைகூட இல்லை.

ஆனால் அன்று தேவையாக இருந்த ஒரு தொனி காலப்போக்கில் வாய்பாடாகிவிட்டது. இதில் என் பங்கும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் புத்தளத்தில் ஓர் அகதி முகாமுக்குப் போயிருந்தேன். ஓலைக் கொட்டில்கள், உப்புத் தண்ணீர், பங்கீட்டு அட்டைக்கான வரிசை. அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியர், தான் கடைசியாகப் படிப்பித்த வகுப்பின் இடாப்பை நினைவிலிருந்து ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எந்தப் பிள்ளை எந்த முகாமில் இருக்கிறது என்று பின்னேரங்களில் சைக்கிளில் போய்த் தேடுவார். கண்டுபிடித்த பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பார். என்னிடம் அந்தக் கொப்பியைக் காட்டினார். பாதிக்கு மேல் புள்ளிகள் இருந்தன.

ஊர் திரும்பி நான் எழுதிய கவிதையில் வேரறுந்த ஒரு மரம் இருந்தது, கூடிழந்த ஒரு பறவை இருந்தது. அந்த இடாப்பு இல்லை. கொப்பியையும் புள்ளிகளையும் கவிதைக்கு உரியவையென்று அன்று எனக்குத் தோன்றவில்லை. மரமும் பறவையும் யாருடைய துயரத்துக்கும் பொருந்தும். இடாப்பு அந்த ஆசிரியர் ஒருவருக்கு மட்டுமே சொந்தமானது.

நாம் செய்யத் தவறியதை வேறு துறையினர் செய்தார்கள். மன்னார் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், புவியியலாளரான அவர், வெளியேற்றப்பட்டோர் இழந்தவற்றைக் கணக்கெடுத்துப் பதிவு செய்வதற்கே தன் உழைப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 2018இல் காலமாகும்வரை அவர் அதை விடவில்லை. ஷாரிகா திராணகம 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன் மானிடவியல் நூலில், புத்தளத்தில் வாழ்ந்த வடக்கு முஸ்லிம்களின் வீடு, ஊர் பற்றிய எண்ணங்களை அவர்களுடைய வாயாலேயே கேட்டு எழுதினார். அதே வருடம் பிரஜைகள் ஆணைக்குழுவொன்று வெளியேற்றம் பற்றிய சாட்சியங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. புத்தளத்து மக்கள் முதலில் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டதும், வருடங்கள் நீள நீளக் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் தண்ணீருக்கும் 'அகதி', 'ஊரார்' என்ற பிரிவு வளர்ந்ததும் ஆய்வுகளில் கிடைக்கின்றன. வரவேற்ற கை எப்படிக் களைத்தது என்பது நாவலுக்குரிய விடயம். ஆனால் அது நம்மைக் குற்றமற்றவர்களாகக் காட்டாது. ஆகவே கவிதை அதைத் தொடவில்லை.

5

நமது எதிர்ப்புக் கவிதையின் பிறப்பிடங்களுள் ஒன்று எம்.ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட 'பலஸ்தீனக் கவிதைகள்' மொழிபெயர்ப்பு. இரண்டு தலைமுறைக் கவிஞர்கள், தமிழரும் முஸ்லிம்களும், அதைப் படித்து வளர்ந்தார்கள். ஆனால் பலஸ்தீனக் கவிதையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டோம்? நிலம், ஒலிவ மரம், இரத்தம், திரும்புதல் ஆகிய சொற்களை எடுத்துக்கொண்டோம். மஹ்மூத் தர்வீஷின் புகழ்பெற்ற 'அடையாள அட்டை' கவிதையில் பேசுபவர் ஒரு கல்லுடைக்கும் தொழிலாளி. அவர் ஓர் அதிகாரியின் முன் நின்று தன் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பதிந்துகொள்ளச் சொல்கிறார். அவருடைய கோபம் அந்த விபரங்களுக்குள்தான் இருக்கிறது. அழுகை அங்கே குறைவு. நாம் கோபத்தைப் பிரதி செய்துகொண்டோம், விபரத்தை விட்டுவிட்டோம்.

இதே நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யையும் நினைத்துப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி, கல்முனைக்குடியில் பிறந்த ஒரு முஸ்லிம் எழுதிய கவிதை. அது யாரையும் புலம்ப விடுவதில்லை. சிவில் உடையில் வந்தவர்கள் சுடுகிறார்கள், மறைக்கிறார்கள், எரிக்கிறார்கள். வினைச்சொற்களால் ஆன கவிதை அது. குற்றம் செய்தவர்களின் கைகள் எங்கே எங்கே போயின என்பதைக் காட்டுவதன் மூலமே அது வாசகரை ஆத்திரமூட்டுகிறது. அதில் வரும் பாதிப்பு கவிஞரின் சொந்தச் சமூகத்துக்கு நேர்ந்ததுமல்ல. நமது நவீன எதிர்ப்பு எழுத்தின் மிகச் சிறந்த கவிதையொன்று அயலவரின் இழப்பைப் பற்றியது என்பதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம்.

6

இங்கேதான் எனக்குச் சங்கடமான இடம் வருகிறது. 2009 மே மாதத்தில் நான் என்ன எழுதினேன் என்று பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். உயிர் தப்பிய இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் வவுனியாவில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வீடிழந்த அனுபவமுள்ள ஒரு சமூகத்தின் எழுத்தாளர்கள் என்ற வகையில் நமக்குச் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்க வேண்டும். சிலர் எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதவில்லை. 'அவர்கள் எங்களுக்குச் செய்ததற்கு' என்ற ஒரு பாதி வாக்கியம் நமது ஊர்த் தேநீர்க் கடைகளில் உலவியது. அந்த வாக்கியத்தின் மறுபாதியை எழுதுவது எழுத்தாளரின் வேலையாக இருந்தது. நான் செய்யவில்லை.

இதை நினைவுபடுத்துவதற்குக் காரணம் இரணைதீவு. 2021 மார்ச் மாதத் தொடக்கத்தில், கொவிட் ஜனாஸாக்களை அடக்குவதற்கான இடமாக அரசாங்கம் முதலில் அறிவித்தது கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தீவைத்தான். அங்கே வாழ்பவர்கள் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள். 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படை தங்கள் நிலத்தில் இருந்ததால் திரும்ப முடியாமல் கால் நூற்றாண்டு காத்திருந்தவர்கள். 2017இல் தொடர் போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரலில் தாங்களாகவே படகுகளில் ஏறிப்போய்த் தங்கள் மண்ணில் இறங்கியவர்கள். அவர்களிடம்தான் நமது மையித்துக்களுக்கு இடம் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டது என்பதுகூடத் தவறு, அறிவிக்கப்பட்டது. அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

நம்மில் பலருக்கு அன்று வந்த கோபம் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கும் வந்தது. 'மண்ணுக்காக நாங்கள் ஒரு வருடமாக அழுகிறோம், இவர்கள் மறுக்கிறார்களே' என்ற கோபம். அந்த மக்களின் கதையை அறிந்த பிறகுதான் வெட்கம் வந்தது. மண்ணிழந்த ஒரு மக்களையும் மண் மறுக்கப்பட்ட இன்னொரு மக்களையும் ஒரு சிறு தீவில் எதிரெதிரே நிறுத்தும் காரியம் அது. இரு சமூகங்களையும் மோதவிடும் முயற்சி என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. சில நாட்களில் ஓட்டமாவடி மக்கள் தங்கள் மண்ணைத் திறந்துவிட்டதால் அந்த மோதல் தவிர்ந்தது.

ஒரு முஸ்லிம் கவிஞர் அன்று நின்றிருக்க வேண்டிய இடம் இரணைதீவின் கரை என்பது என் எண்ணம். அங்கு நின்று பார்த்தால்தான், பெப்ரவரியில் பேரணியில் நடந்த தமிழர்கள் ஏன் நமது ஜனாஸாவையும் தங்கள் கோரிக்கைகளில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதன் பெறுமதி புரியும். தன் காயத்தை மட்டும் எழுதும் இலக்கியம் காயத்தை ஒரு சொத்தாக்கிக்கொள்கிறது. பிறகு அந்தச் சொத்தில் பங்கு கேட்டு வருபவர்களெல்லாம் எதிரிகளாகத் தெரிகிறார்கள்.

7

செயற்படும் மனிதரை நடுவில் வைத்து எழுத முடியுமா என்றால், முயன்றிருக்கிறார்கள். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் வெளிவந்த ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' நாவலை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். அதன் மையத்தில் இருக்கும் தவக்குல் ஒரு சமூக சேவகி. இயக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களுக்காக அவள் அலைகிறாள். தன் ஊராரின் வாயிலும் விழுகிறாள். அந்நாவலில் எனக்குக் குறைகள் தென்பட்டன. பாத்திரங்கள் பல இடங்களில் ஆசிரியரின் கருத்துக்களை ஒப்புவிக்கிறார்கள். விவாதம் கதையை முந்திக்கொண்டு போகிறது. ஆனாலும் ஓர் அலுவலகம், ஒரு படிவம், ஒரு பயணம், ஒரு சந்திப்பு என்று உதவி என்னும் காரியம் எப்படி நடக்கிறது என்பதை அது எழுதிப் பார்த்தது. உதவச் சென்றவள் தன் சமூகத்துக்குள்ளேயே எப்படித் தனிமைப்படுகிறாள் என்பதையும் எழுதியது. நாவல் வருவதற்கு முன்னரே, 2012இல் வானொலிப் பேட்டியொன்றில் சொன்ன கருத்துக்காக அதன் ஆசிரியர் நம்மவர்களால் எப்படி நடத்தப்பட்டார் என்பதை நாம் அறிவோம். செயற்படுபவரை நமது இலக்கியம் ஏன் எழுதத் தயங்குகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அதற்குள் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் யாரையும் கேள்வி கேட்பதில்லை. செயற்படுபவர் முதலில் கேள்வி கேட்பது தன் ஊரைத்தான்.

8

தொகுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த இளைஞரிடம் ஒன்று சொன்னேன். முன்னுரை எழுதுகிறேன், அதற்கு முன் பத்துப் பேரைத் தேடிப் போங்கள், அந்த நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். அவர் சற்று மனம் சோர்ந்துதான் போனார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்னர் திரும்பி வந்தார். பத்துப் பேரைத் தேடவில்லை. தன் சாச்சியிடம் மட்டும் கேட்டிருந்தார். அவருடைய சாச்சா 2020 டிசம்பரில் ஓர் ஆஸ்பத்திரியில் மௌத்தானவர். அதைக் குடும்பத்தில் எவரும் அதுவரை சாச்சியிடம் கேட்டதில்லையாம்.

சாச்சி சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான்கு பக்கம். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற நேரம், உள்ளே கூப்பிட்டவர், மேசையில் நீட்டிய கடதாசி, வெளியே காரில் இருந்த மூத்த மகன், பேனையை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் இப்படி முடிகிறது: "எரிச்சிட்டாங்க. ஆனா என்ட கையெழுத்து அதுல இல்ல மகன்."

இந்த நான்கு பக்கமும் தொகுப்பின் முதற் பக்கங்களில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அது கவிதை இல்லையே என்று அவர் தயங்குகிறார். இன்னும் ஒன்பது பேரைத் தேட வேண்டியிருக்கிறது. இதை வாசிப்பவர்களின் ஊர்களிலும் அப்படியொருவர் இருப்பார்: வேலியில் துணி கட்டியவர், மனுவுக்காக அலைந்தவர், மஜ்மா நகரில் மண் தள்ளியவர், பெட்டிக்குப் பணம் கட்டாமல் திரும்பி வந்தவர். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டு எழுதுங்கள். 1990இன் அந்த இடாப்பை வைத்திருந்த ஆசிரியரை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். இருக்கிறாரா என்று தெரியவில்லை. அந்தக் கொப்பியாவது யாரிடமாவது இருக்க வேண்டும்.

முன்னுரை அதுவரை காத்திருக்கட்டும்.